றீற்றா அன்ரியின் ஓம்

றீற்றா அன்ரியும் கிளிபோட் அங்கிளும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது குயின் வீதியில் இருந்த ஒரு சலவைக்கடையின் தரையில். தரை என்றால் தரையேதான். இருவரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. அன்ரி கனடாவுக்கு, பார்க்டேலுக்கு வந்து சேர்ந்த முதல் கோடை முடிந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் தொடங்கும் அந்த நீண்ட வாரயிறுதியில், எக்ஸிபிஷன் மைதானத்துக்கு முன்னால் ஏரிக்கு மேலே வருடாவருடம் விமானக் கண்காட்சி நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உலர்த்தும் மெஷினிலிருந்து போர்வையை இழுத்துக்கொண்டிருந்தபோது கூரைக்கு மேலால் அந்தச் சத்தம் போனது. புதுச் சீலையைக் கிழிப்பதுபோல வானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிழித்துக்கொண்டு போகிற சத்தம். போர்வையோடு விழுந்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடியே காதைப் பொத்தி, வாயைத் திறந்து, நெஞ்சு தரையில் படாமல் முழங்கைகளில் தாங்கிக் கிடந்தார்.

கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தவை நின்றுகொண்டிருப்பவர்களின் சப்பாத்துகள். ஒரு போலந்துக் கிழவி துவாயை மடித்துக்கொண்டே நின்றாள். அவளுடைய கால்களுக்கு அப்பால், கதிரைகளுக்குக் கீழே, தன்னைப் போலவே வாயைத் திறந்தபடி ஓர் இளைஞன் கிடந்தான். அவன் வாயை மூடினான். பிறகு கேட்டான்.

"எந்த ஊர் நீங்கள்?"

"பாசையூர்."

"நான் பேசாலை. மன்னார்."

"எழும்பலாமோ?"

"பொறுங்கோ. இன்னொருக்கா வருவான்போல கிடக்கு."

இந்தக் கதையைக் கிளிபோட் அங்கிள் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் முடிப்பார். "மற்றவை காதலிச்சுப்போட்டு விழுவினம். நாங்கள் விழுந்துபோட்டுக் காதலிச்சனாங்கள்." அன்ரி சிரிக்கமாட்டார். "உந்தாள் பயத்தில அழுதவர். அதைச் சொல்லச் சொல்லுங்கோ" என்பார்.

நான் அவர்களுடைய மகன் ஜோசுவாவோடு படித்தவன். இரண்டு மாடி கீழே எங்கள் வீடு. றீற்றா அன்ரியை எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் சீருடையில்தான் தெரியும். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஓட்டுகிறார். காலையில் கோப்பிக் குவளையோடு ஜேம்சன் அவெனியூவில் விறுவிறுவென்று நடந்துபோவார். அவ்வளவு நீளமான வண்டியை, கண்ணாடியில் ஒரு பார்வையும் மணியில் ஒரு கால்தட்டலுமாக, சைக்கிள்காரர்களுக்கும் பால் லொறிகளுக்கும் நடுவால் கொண்டுபோகிற பெண். பனியில் தண்டவாளம் உறைந்த நாட்களிலும் அவர் பதற்றப்பட்டதை யாரும் கண்டதில்லை. ஆனால் அந்த நீண்ட வாரயிறுதி வந்தால் வேறு ஆள்.

வேலைப் பட்டியலில் தனக்கான ஓட்டத்தைத் தெரிவு செய்யும்போது ஏரியிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகுவார். விடுமுறை கிடைத்தால் ஜோசுவாவையும் இழுத்துக்கொண்டு மிசிசாகாவில் தங்கை வீட்டு பேஸ்மன்ற்றுக்குப் போய்விடுவார். பகிடி என்னவென்றால், அந்த வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேஸ்மன்ற் ஜன்னலின் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் பெரிய பெரிய பயணிகள் விமானங்கள் வயிற்றைக் காட்டியபடி இறங்கும். அதற்கு அன்ரி பயப்படுவதில்லை. "அது பஸ்" என்பார். சின்ன ஜோசுவா கதிரையில் ஏறி நின்று நாள் முழுக்க அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பறக்கிற விசர் பிடித்தது அங்கேதான். வானத்திலிருந்து ஒளிக்கப் போன இடத்தில்.

இனி ஓம் கதை.

எங்கள் பேச்சில் ஓம் இரண்டு விதம். ஒன்று சம்மதம். மற்றது, 'நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு' என்பது. இரண்டாவதைத் தொலைபேசியில் கணக்கில்லாமல் செலவழிப்போம். ஊரில் பிறந்தவர்களுக்கு இரண்டையும் பிரித்தறியக் காது இருக்கிறது. இங்கே பிறந்த ஜோசுவாவுக்கு இருந்தது ஒரே ஓம்தான்.

போன சித்திரையில் அவன் பல்கலைக்கழகத்திலிருந்து தாய்க்குப் போன் எடுத்தான். அன்ரி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். கனடிய விமானப்படையில் விமானியாகச் சேர விண்ணப்பிக்கப்போகிறேன், ஜெற் ஓட்டத்தான் விருப்பம், அனுப்பட்டோ என்று கேட்டான். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவால் "ஓம்... ஓம்... ஓம் அப்பன்" என்று பதில் வந்தது. அவன் கண்கலங்கிப்போனான். அம்மா மாறிவிட்டார் என்று நினைத்தான். அன்றைக்கே அனுப்பிவிட்டான்.

சோதனைகள், நேர்முகம், கண், காது எல்லாம் பார்த்து, ஆடி தொடங்கும்போது அவனை எடுத்துவிட்டோம் என்று செய்தி வந்தது. சோற்றுக் கோப்பைகளுக்கு முன்னால் இருந்து அதைச் சொன்னபோது அன்ரியின் கை அப்படியே நின்றுவிட்டதாம்.

"நான் எப்பயடா ஓம் எண்டனான்?"

"போன்ல அம்மா! மூண்டு தரம் சொன்னனீங்கள்!"

"அது கேக்கிற ஓமடா!"

"வட் இஸ் கேக்கிற ஓம்?"

கிளிபோட் அங்கிள் சிரித்ததால் அவருக்கும் ஏச்சு விழுந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. செப்டெம்பரின் அந்த நீண்ட வாரயிறுதியில் வரும் லேபர் டே முடிந்த செவ்வாய்க்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஜோசுவா பதில் அனுப்பவேண்டும். அவன் வளர்ந்த பிள்ளை, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும், "அம்மா உண்மையா ஓம் எண்டாத்தான் போவன்" என்று சொல்லிவிட்டான். தகப்பனைக் கேட்டால், "கொம்மாவைக் கேள்." தாயைக் கேட்டால், "பாப்பம்." எங்கள் வீடுகளில் பாப்பம் என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு ஸ்கானர் இருந்தது. கிளிபோட் அங்கிள் வேலையிடத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. வோக்கி-ரோக்கி போலத் தடித்த கறுப்புப் பெட்டி, ரப்பர் ஏரியல், பெரிய காதடைப்பான். எக்ஸிபிஷன் மைதானத்தைச் சுற்றிய தெருக்களில் ஆடி மாதம் கார்ப் பந்தயம் நடக்கும்போது அங்கிள் அதைக் கொண்டுபோவார். ஓட்டுநர்கள் தங்கள் ஆட்களோடு பேசுவதெல்லாம் அதில் விழும். அந்தமுறை கூட வருவதாக இருந்த நண்பர் வரவில்லை. ரிக்கற் வீணாகிறது என்று அன்ரியைக் கூட்டிப்போனார். அன்ரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

வேலிக்கு அப்பால் கார்கள் கண்ணில் படாமலேயே கடந்துபோயின. நிறம் மட்டும் தெரிந்தது. அங்கிள் தன் காதடைப்பானைக் கழற்றி அன்ரிக்கு மாட்டிவிட்டார்.

வெளிச் சத்தம் தூரப்போனது. உள்ளே ஒருவன் மிக நிதானமாக, செபமாலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். "இன்சைட்... இன்சைட்... ஸ்டில் தெயர்... ஸ்டில் தெயர்... கிளியர்."

"ஆர் உது?"

"அது ஸ்பொட்டர். உயரத்தில நிண்டு பாத்துச் சொல்லுறவன். ஓடுறவனுக்குப் பக்கத்தில என்ன வருதெண்டு தெரியாது. உள்பக்கம் ஒருத்தன் வாறான், இன்னும் நிக்கிறான், இப்ப போட்டான் எண்டு உவன்தான் சொல்லுறது."

அன்ரி அதன்பிறகு காதடைப்பானைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பந்தயத்தைப் பார்க்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாராம். சத்தத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய அதிசயமாகப் போயிற்று. பிறகு பல நாட்களுக்கு, வீட்டில் யாராவது குளியலறையை விட்டு வெளியே வந்தால் "கிளியர்" என்பார்.

அதிலிருந்துதான் ஜோசுவாவுக்கு யோசனை வந்தது. "அம்மா, எயர் ஷோவிலயும் அப்பிடித்தான். கதைப்பினம். ஒரேயொருக்காக் காதில போட்டுக்கொண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் செவ்வாய்க்கிழமை வரேல்லை எண்டு அனுப்பிறன். ப்ரொமிஸ்."

அன்ரி நெடுநேரம் கோப்பை கழுவினார். "பாப்பம்" என்றார்.

"காதைத் தீட்டிக் கேள்," என்றார் அங்கிள் மகனிடம். "உது வேற பாப்பம்."

அந்த வாரயிறுதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வேளாங்கண்ணி மாதாவின் கொடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என்னையும் சேர்த்து நால்வரும் பாலத்தால் நெடுஞ்சாலையைக் கடந்து ஏரிக்கரைப் புல்வெளிக்குப் போனோம். மடக்குக் கதிரை, ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. பார்க்டேல் முழுக்க அங்கே இறங்கியிருந்தது. எங்கள் ஆட்களும் பாயை விரித்துப் பரவலாக இருந்தார்கள். அன்ரி கதிரையில் உட்காரவில்லை. "நிலத்தில இருக்கிறன்" என்றார். 

ஜோசுவா ஸ்கானரில் இரட்டைப் பிளக் மாட்டி, ஒரு காதடைப்பானைத் தாய்க்கும் மற்றதைத் தனக்கும் கொடுத்தான். கண்காட்சியை நடத்துகிற ஒருவர் கரையில் மேடையொன்றில் நிற்பார், அவரை எயர் பொஸ் என்பார்கள், எல்லா விமானமும் அவரோடுதான் பேசும் என்று விளங்கப்படுத்தினான். அன்ரி தலையாட்டினார். கையில் செபமாலை சுற்றியிருந்தது.

முதலில் ஒரு சின்னச் சிவப்பு விமானம் வந்து குத்துக்கரணம் அடித்தது. "ஸ்மோக் ஓன்" என்று காதுக்குள் ஒரு குரல். உடனே வாலிலிருந்து வெள்ளைப் புகை.

"ஐயோ, பத்துது!"

"இல்லை அம்மா, அவர்தான் விடுறார். இப்ப பாருங்கோ, நிப்பாட்டுவார்."

"ஸ்மோக் ஓஃப்." புகை அறுந்தது. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்ததுபோல. அன்ரி அறுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புகைக்கும் ஒரு சொல் இருக்கிறதா என்று அவர் முகம் கேட்டது.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இளகி, ஒரு ரோல்ஸைக் கடித்த நேரத்தில்தான் அது நடந்தது. அன்ரி திடீரென்று காதடைப்பானைப் பிடுங்கி எறிந்தார்.

"பொம்மர் வருதாம்! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

காதுக்குள் கேட்ட சொல் அது, குண்டு போடுகிற விமானத்தின் பெயர். கிழக்கே மெல்லிய இரைச்சல். ஜெற் இல்லை. விசிறி வைத்த, மெதுவான, அடித்தொண்டையால் முனகுகிற இரைச்சல். யாழ்ப்பாணத்தில் பீப்பாயில் குண்டு கொண்டுவந்து கொட்டிய ஒரு விமானத்துக்கு எங்கள் சனம் சகடை என்று பெயர் வைத்திருந்தது. அதே முனகல் என்று அன்ரி பிறகு சொன்னார். அவர் குப்புற விழுந்தார். வலப்பக்கப் பாயில் ஒரு அன்ரி விழுந்தார். அதற்கப்பால் வெள்ளைத் தொப்பிபோட்ட ஒருவர் இரண்டு பேரப்பிள்ளைகளையும் அமுக்கிக்கொண்டு விழுந்தார். புல்வெளியில் எங்கெங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கணத்தில் மேலிருந்து யாராவது எண்ணியிருக்கலாம். மற்ற எல்லோரும் நின்றபடி எங்களைப் பார்த்தார்கள்.

"அம்மா! அம்மா, இற்ஸ் ஓகே! வோட்டர் பொம்மர்! தண்ணி! காடு பத்தினால் தண்ணி ஊத்துற பிளேன்!"

அன்ரிக்குக் கேட்கவில்லை. காதைப் பொத்தியிருந்தார். கிளிபோட் அங்கிள் முழங்கால் நோவோடு மெல்ல மெல்ல இறங்கி, அவருக்குப் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்தார். முகத்தைத் திருப்பினார்.

"எந்த ஊர் நீங்கள்?"

அன்ரி ஒரு கண்ணைத் திறந்தார். "விசரா உமக்கு?"

"நான் பேசாலை. மன்னார்."

அதற்குள் அது வந்துவிட்டது. மஞ்சளும் சிவப்புமாக, படகுபோல வயிறு வைத்த விமானம். எங்களுக்கு முன்னால் ஏரியின்மேல் தாழ்ந்து, வயிற்றைத் திறந்தது. தண்ணீர் விழுந்தது என்று சொல்ல வராது. அது முதலில் ஒரு வெள்ளைச் சீலையாக நின்றது. பிறகு சீலை நூலாகி, நூல் தூளாகி, தூளுக்குள் ஒரு வானவில் தோன்றி, ஏரி அதை எடுத்துக்கொண்டது. கூட்டம் ஓவென்றது. காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ஊசிமுனையளவு ஈரம் எங்கள் முகங்களில் பட்டது.

அன்ரி படுத்தபடியே கன்னத்தைத் தடவி விரலைப் பார்த்தார்.

"உதுக்கோ பொம்மர் எண்டவங்கள்?"

"ஓம் அம்மா."

"பொம்மருக்கு இப்பிடியும் ஒரு வேலை இருக்கோ?"

வலப்பக்கப் பாயிலிருந்த அன்ரி எழும்பிச் சட்டையில் புல்லைத் தட்டியபடி, "உங்களால நாங்கள் தின்னக் கொண்டந்த பற்றிஸ் எல்லாம் நசிஞ்சுபோச்சு" என்றார். "நானும் விழுந்தனான்தானே அக்கா, ரோல்ஸ் இருக்கு, எடுங்கோ" என்றார் றீற்றா அன்ரி. தொப்பிக்காரர், பேரப்பிள்ளைகள் நெளிய நெளிய, இன்னும் கையை எடுக்கவில்லை. அவருக்கும் ஒரு ரோல்ஸ் போனது.

எறிந்த காதடைப்பானை ஜோசுவா தேடி எடுத்து மறுபடி தாய்க்கு மாட்டிவிட்டான். பிறகுதான் ஹோர்னெற் வந்தது. போர் ஜெற். ஜோசுவா ஓட்ட ஆசைப்படுகிற வகை.

அது வந்தபோது சத்தமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று எங்களைக் கடந்துபோன பிறகுதான் சத்தம் வந்தது. சத்தம் என்றால் காதால் கேட்பதல்ல, நெஞ்செலும்பால் கேட்பது. தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது. அன்ரியின் விரல்கள் புல்லைப் பிடித்தன. ஆனால் காதடைப்பானைக் கழற்றவில்லை.

அது திரும்பியது. செங்குத்தாக எழுந்து, ஏதோ பெரிய கதவின் கீலில் சுழல்வதுபோல வளைந்தது. வளைவிலிருந்தபடியே விமானி கரைக்கு ஏதோ சொன்னான். சொல் நசுங்கி வந்தது.

"உவன் முக்கிறான்" என்றார் அன்ரி.

"ஓம். திரும்பேக்க ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிடும். மயங்காம இருக்க மூச்சை அடக்கி, அடக்கி..."

"வாயை மூடு. கேக்கட்டும்."

ஹிக். மூச்சு. ஹிக். மூச்சு. அந்த உலோகம் முழுவதற்கும் நடுவில் ஒருவன் மூச்சுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயது முழுக்க மேலே போன சத்தத்துக்கு உடம்பு இருக்கும் என்று அன்ரி நினைத்ததில்லை. அது இரும்பும் நெருப்பும் மட்டும்தான்.

"உன்னைப் பெறேக்க நான் இப்பிடித்தான்," என்றார் மெதுவாக. "இதே மூச்சு. அந்த நேர்ஸ் சொல்லித்தந்தவள்."

ஜோசுவா ஏரியைப் பார்த்தான். 

ஹோர்னெற் உயர உயரப் போய், சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியாக நின்று, மூக்கைக் கீழே திருப்பியது. நேராகக் கீழே. எங்கள் ஆட்களிடம் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. குண்டு போட விமானம் இறங்குவதைப் பதிவது என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. விழுவதைத் தவிர.

"பதியிறான்," என்றார் அன்ரி. கத்தவில்லை. அவருடைய முழங்கால்கள் தாமாகவே நெஞ்சுக்கு வந்தன.

அப்போது காதுக்குள் ஒரு குரல். உயரவில்லை, அவசரப்படவில்லை. பந்தயத்தில் கேட்ட அதே நிதானம்.

"நொக் இற் ஓஃப், நொக் இற் ஓஃப், நொக் இற் ஓஃப்."

மேலேயிருந்து, மூச்சு முறுக, உடனே பதில். "ஹோர்னெற், நொக் இற் ஓஃப்."

பாதி வானத்தில், பதிந்துகொண்டிருந்த அந்த விமானம் நிமிர்ந்தது. சிறகைச் சரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெற்கே ஏறிப் போய்விட்டது. கூட்டம் கைதட்டியது. இதுவும் ஒரு வித்தை என்று நினைத்தார்கள். அன்ரி கைதட்டவில்லை. அவர் வாய் திறந்திருந்தது, ஆனால் இது வேறு திறப்பு.

"என்ன சொன்னவன்?"

"நிப்பாட்டச் சொன்னவர். அங்க பாருங்கோ, ஒரு போட் உள்ள வந்திட்டுது. கீழ ஆக்கள் இருந்தால் செய்யக்கூடாது."

உண்மைதான். மிதவைகளால் அடைத்த இடத்துக்குள் ஒரு சின்னப் பாய்மரப் படகு, தன்பாட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சாவகாசத்தோடு வந்துகொண்டிருந்தது.

"ஆர் சொன்னது?"

"எயர் பொஸ். அங்க கரையில நிக்கிறார்."

"கீழ நிண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"கீழ நிண்டு சொல்ல, மேல நிக்கிறவன் கேட்டவனோ?"

"கேக்கத்தான் வேணும் அம்மா."

"பதிஞ்ச பிறகும்?"

"பதிஞ்ச பிறகும்."

 அன்ரி அப்போது நினைத்ததைப் பிறகு ஒருநாள் லிஃப்ற்றுக்குக் காத்துநின்றபோது எனக்குச் சொன்னார். பாசையூரில் கோயில் கூரையில் பெரிதாகச் சிலுவை வரைந்தார்களாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சீலை, இருந்த வெள்ளை எல்லாவற்றையும் கம்பில் கட்டினார்களாம். சின்னப்பிள்ளைகள் செபமாலை சொன்னார்கள். "எங்களிட்ட இருந்து மேல போனது அவ்வளவுதான் தம்பி. ஒண்டும் கேக்கேல்லை. கேக்கிற மாதிரி ஒரு வழி உலகத்தில இருக்கும் எண்டே நான் நினைக்கேல்லை. மூண்டு சொல்லு. திரும்பிப் போனான்."

படகு வெளியேற நேரமெடுத்தது. ஹோர்னெற் தூரத்தில் வட்டமடித்துக் காத்திருந்தது. படகிலிருந்தவர் எழும்பிக் கையசைப்பது தெரிந்தது. மேலேயிருந்த குரல், அவர் மீன் பிடிக்கிறாரா என்று கேட்டது. "நெகற்றிவ். ஹி இஸ் வேவிங் அற் யூ," என்றது கீழேயிருந்த குரல். பிறகு காதுக்குள் ஒரு சிரிப்பு. விமானியின் சிரிப்பு. அன்ரியும் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கப்பட்டதுபோல.

ஹோர்னெற் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி பதிந்தது. அன்ரியின் உடம்பு ஒருமுறை குலுங்கிற்று. ஆனாலும் கண்ணை மூடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஜெற் பதிந்து எழும்புவதைக் கடைசிவரை அண்ணாந்து பார்த்தார். அது எழும்பிய இடத்தில் காற்று நெளிந்தது.  இவ்வளவு அழகானதையா நாங்கள் மண்ணைக் கடித்துக்கொண்டு கேட்டோம் என்பதுபோல ஒரு பார்வை. கோபமும் இருந்தது அதில்.

அது போய்ச் சேர்ந்த பிறகு ஜோசுவா வயரைச் சுற்றத் தொடங்கினான். அங்கிள் பிளாஸ்கின் மூடியைத் திறந்து, பிறகு மூடி, பிறகு திறந்தார்.

"ஜோசுவா. இஞ்ச வா. இரு."

இருந்தான்.

"உன்னைச் சண்டைக்கும் அனுப்புவாங்கள். இல்லையெண்டு பொய் சொல்லாத."

"அனுப்பலாம்."

"நீ மேலால போகேக்க கீழ ஒருத்தி நிப்பாள். சட்டியோட நிப்பாள், இல்லாட்டிப் போர்வையோட நிப்பாள். அவளிட்ட உந்த மைக் இருக்காது. அவள் நொக் இற் ஓஃப் எண்டு கத்துவாள், உனக்குக் கேக்காது. அவளுக்காண்டி நீதான் சொல்லோணும். சொல்லிப்போட்டு நீதான் கேக்கவும் வேணும். விளங்குதோ?"

"ஓம்."

"எந்த ஓம்?"

ஜோசுவா நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கப்போய் நிறுத்தினான்.

"ஸ்ட்ரீட்கார் ஓட்டுற எங்களுக்குக் கொன்ட்ரோல் றூம் ஒண்டைச் சொன்னால் சும்மா ஓம் எண்டு சொல்லேலாது. அடுத்த சந்தியில காரைத் திருப்பு எண்டால், அடுத்த சந்தியில காரைத் திருப்பிறன் எண்டு திருப்பிச் சொல்லோணும். உவனும் அப்பிடித்தானே சொன்னவன். திருப்பிச் சொல்லு."

 ஏரியில் அந்தப் படகு இன்னும் தெரிந்தது, வெள்ளைத் துணித்துண்டுபோல. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தான்.

"கீழ ஒருத்தி நிண்டால்... அவளிட்ட மைக் இல்லாட்டி... நான் சொல்லுவன். நான் நிப்பாட்டுவன்."

"பதிஞ்ச பிறகெண்டாலும்?"

"பதிஞ்ச பிறகெண்டாலும் நிப்பாட்டுவன்."

"ஓம்," என்றார் அன்ரி.

ஜோசுவா விழித்தான். தகப்பனைப் பார்த்தான். அங்கிள் கைவிரித்தார். "அம்மா, இது எந்த ஓம்?"

அன்ரி அவன் சுற்றி வைத்த வயரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேற்கே, மிசிசாகாப் பக்கமாக, ஒன்பது விமானங்கள் வெள்ளைப் புள்ளிகளாக ஒன்றாகச் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. காதடைப்பானை மாட்டினார். சத்தத்தைக் கூட்டினார்.

"போ எண்ட ஓம்," என்றார். "இப்ப கதையாத. அவையள் வாறினம்."